ஊரார் மண்ணைப் பங்கிடுபவர்

ஜேசிபி என்றால் நான்கு சக்கரம், முன்னால் ஒரு வாளி, பின்னால் ஒரு கை, நடுவில் ஓர் ஓட்டுநர், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எண்ணிக்கை தவறு. ஓர் உறுப்பை விட்டுவிட்டீர்கள். தோண்டும் குழியின் விளிம்பிலிருந்து சரியாக இரண்டடி தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வாளி மேலே போனால் முகத்தை மேலே தூக்கியும் கீழே போனால் கீழே இறக்கியும் ஒருவர் நிற்கிறாரே, அவரும் அந்த இயந்திரத்தில் சேர்த்திதான். ஓட்டுநர் அவரைக் கூட்டி வருவதில்லை. வீட்டுக்காரர் கூப்பிடுவதில்லை. எஞ்சின் உறுமியதும் முளைத்துவிடுகிறார்.

அவருக்கு அங்கே என்ன வேலை? மண்ணைப் பங்கிடுவது.

யாருடைய மண்ணை? அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் முதலமடைப் பக்கத்து மாந்தோப்புகளுக்கு நடுவே, வெயிலும் புழுதியும் புதுவீட்டு ஆசையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில், கொஞ்சம் செழிப்பாகவே வளர்ந்திருக்கிறது. குப்பண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஏக்கர் மாந்தோப்பு, ஒரு மொபட், ஐம்பத்தெட்டு வயது, நல்ல காது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஜேசிபி பின்பக்கமாக நகரும்போது எழுப்பும் பீப் பீப் சத்தத்தை, தோசை வாயில் இருக்கும்போதே கேட்டு, "கெழக்காலதான்" என்று திசை சொல்லிவிடுவார். மீதித் தோசை தட்டிலேயே ஆறும்.

குழியருகே போனதும் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஏனுங்க, இந்த மண்ணை என்ன பண்றதா உத்தேசம்?"

வீட்டுக்காரர் திருதிருவென்று விழிப்பார். விழிக்காமல் என்ன செய்வார்? தரைக்கு எந்த நிறத்தில் ஓடு பதிப்பது என்று ஆறு மாதம் யோசித்திருப்பார். மாடிக் கைப்பிடி எஃகா மரமா என்று மனைவியோடு சண்டை போட்டிருப்பார். ஆனால் பூமிக்குள்ளிருந்து ஒரு குன்று எழுந்து வெளியே வருமே, அது எங்கே போய் உட்காரும் என்று எந்த வரைபடத்திலும் ஒரு கட்டம் இருக்காது. மண் தானாக எங்காவது போய்விடும் என்பது வீடு கட்டுகிறவர்களின் மதநம்பிக்கை.

குப்பண்ணனுக்கு அந்த விழிப்பே போதும். குனிந்து ஒரு பிடி அள்ளுவார். இரண்டு விரலுக்கு இடையில் நசுக்குவார். முகர்ந்து பார்ப்பார். பிறகு எழுந்து, மருத்துவர் அறிக்கை வாசிப்பதுபோல ஆரம்பிப்பார்.

"மேல் மண்ணு ஒரு அடி தனியா எடுத்து வெக்கச் சொல்லுங்க. அதுலதானுங்க உசுரு இருக்குது. அத அடி மண்ணோட கலந்தா நூறு வருஷத்துப் பாவமுங்க. அடி மண்ணு ரொப்பறதுக்கு நல்லா இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் தண்ணி தெளிச்சு இடிக்கோணும். கல்லத் தனியாப் பொறுக்கி ஓரத்துல போடுங்க, கட்டடத்துக்கு ஆவும். ஆனா ஒண்ணு. கேட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அது உங்க மண்ணு. கேட்டைத் தாண்டுனா கவர்மெண்டு சமாச்சாரம். பாஸ் இல்லாம ஒரு சட்டி வெளிய போவக்கூடாது. வயலு, வாய்க்கா, பொறம்போக்கு எதுலயும் கொட்டக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

கவனித்தீர்களா? அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. அதுதான் தொல்லை. தவறாகச் சொல்கிறவரை விரட்டிவிடலாம். சரியாகச் சொல்கிறவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தேநீர் குடிக்கும்போது பங்கீடு தொடங்கும். அங்கன்வாடிக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதற்குப் பத்து லோடு. டயர் கடை வாசலுக்கு எட்டு. வாலிபால் பசங்களுக்குப் பன்னிரண்டு. அப்புறம் நாச்சம்மாள்.

நாச்சம்மாள் விஷயம் கொஞ்சம் தனி. ஆறு ஆடு வைத்திருக்கும் பெண்பிள்ளை. புருஷன் இல்லை. வீடு ரோட்டோரம். ரோட்டுக்குத் தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு வளர்ந்துவிட்டது. வீடு வளரவில்லை. இப்போது ரோட்டில் நின்று பார்த்தால் அவள் வாசல் இடுப்பளவு கீழே கிடக்கிறது. மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் அவள் வீட்டுக்குத்தான் விருந்தாளிபோல ஒறம்பரைக்கு வரும். போன வருஷம் அரிசி வைத்திருந்த அலுமினிய அண்டா சமையலறையிலிருந்து தானே மிதந்து வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. இரண்டு குட்டிகளைப் போர்வையில் சுற்றிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு, அவளும் கட்டில் மேலேயே உட்கார்ந்து விடிய வைத்தாள். இருபத்தைந்து, முப்பது லோடு மண் கொட்டி வாசலை உயர்த்தினால் தீர்ந்தது. அதற்காகத்தான் மூன்று வருஷமாக, குப்பண்ணன் போகிற குழிக்கெல்லாம் அவளும் பின்னால் போய் ஓரமாக நிற்கிறாள்.

"உனக்கு இல்லாததா நாச்சம்மா? இந்தக் குழியில மொதல் லோடு உனக்குத்தான்" என்பார் குப்பண்ணன், பெரிய மனசோடு.

மண் வராது. எப்படி வரும்? வாக்குக் கொடுத்தவருக்கும் மண்ணுக்குச் சொந்தக்காரருக்கும் நடுவே அதைப் பற்றி ஒரு பேச்சும் நடந்திருக்காதே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், கார்த்திகை மாதம், குப்பண்ணனின் மகன் சிவப்பிரகாஷ் தோப்பு முகப்பிலேயே புதுவீடு கட்டுவதென்று இறங்கினான். வீட்டுக்குக் கீழே குளுமையாக ஓர் அறை, மாங்காய் வைக்க. நல்ல யோசனைதான். ஒன்பதடி ஆழம். வெளியே வந்த மண் எழுபது லோடு.

குப்பண்ணனின் சொந்தக் குழி! எத்தனை வருஷத் தயாரிப்பு! எவ்வளவு கண்ணும் கருத்துமாக நின்று தோண்டியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அன்றைக்கு அவர் அங்கே இல்லை. தபால்காரர் பிஜு வீட்டில் கழிவறைத் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். காலையிலேயே அங்கே போய்விட்டார். மேல் மண்ணைத் தனியாக எடுக்கவேண்டியதன் அவசியத்தை பிஜுவுக்கு இரண்டு மணி நேரம் விளக்கிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பொழுதோடு வீடு திரும்பினால், அவருடைய மேல் மண்ணும் அடி மண்ணும் கல்லும் வேரும் ஒரே குன்றாகக் கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தன.

"ஏன்டா, மேல் மண்ணு எங்கடா?"

"அதுலதான் எங்கியோ இருக்குதுங்கப்பா" என்றான் சிவப்பிரகாஷ். "வண்டிக்காரரு கேட்டாரு, தனியாப் போடணுமான்னு. எனக்கென்ன தெரியும்? நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்திப் பாத்தோம்."

குப்பண்ணன் குனிந்தார். ஒரு பிடி அள்ளினார். நசுக்கினார். முகர்ந்தார். அப்போதுதான் அவருக்குள் அந்த விபரீதம் நடந்தது. இத்தனை காலம் ஊரார் குழிகளில் அவர் பார்த்தது வெறும் மண். இது அப்படியில்லை. இது அப்பன் உழுத மண், மாமரம் வேர்விட்ட மண், செம்மண்ணிலும் ஒரு தனிச் சிவப்பு. இதைக் கொண்டுபோய் அங்கன்வாடிப் பள்ளத்தில் கொட்டுவதா? இது என்ன மண்ணு, அது என்ன பள்ளம்!

மறுநாளே வரிசை வந்துவிட்டது. வாலிபால் பசங்கள் வந்தார்கள். டயர் கடைக்காரர் வந்தார். அங்கன்வாடிக்காக வார்டு மெம்பர் வந்தார். கடைசியில் நாச்சம்மாள், கையில் ஆட்டுக் கயிறோடு.

"ஏனுங்கண்ணா, இந்தத் தடவ உங்க சொந்த மண்ணுங்களே. மொதல் லோடு எனக்குன்னு..."

"உனக்கு இல்லாததா நாச்சம்மா? ஆனா..." குப்பண்ணன் குன்றை அண்ணாந்து பார்த்தார். ஊரில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு விஞ்ஞானம் அவர் வாயில் அந்த நொடியில் பிறந்தது. "மண்ணு இன்னும் ஆறலையே."

"ஆறணுங்களா?"

"பின்ன? ஒம்பதடிக்குக் கீழ இருந்து வந்த மண்ணு. உள்ளுக்குள்ள சூடு இருக்கும். ரெண்டு மாசமாச்சும் ஆறணும்."

எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். குப்பண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கதோஷம்.

அன்றிலிருந்து மார்கழி முழுக்க ஊருக்கு இது ஒரு குசல விசாரிப்பாகவே ஆகிவிட்டது. டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், கோயிலில். "ஆறிருச்சுங்களா?" "இன்னும் ஆறலீங்க." பிஜு கடிதம் கொடுக்க வந்தால், கடிதத்தை நீட்டும் முன்பே குன்றின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "கொறச்சு குறஞ்ஞிட்டுண்டு ஏட்டா" என்று, அதாவது சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது அண்ணா என்று, சொல்லிவிட்டுப் போவார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதலமடையில் மாங்காய் மற்ற ஊர் மாங்காய்க்கு முன்னால் முந்திக்கொள்ளும். தை பிறந்தால் பறிப்பு. பறித்த மாங்காய்க்குக் காத்திருக்கும் குணம் கிடையாது. லாரி வந்தது. கேட்டு வரைக்கும் வந்து நின்றது. கேட்டுக்கு உள்ளே குன்று. லாரி அடிக்க வேண்டிய ஹாரன் எல்லாம் அடித்துப் பார்த்தது. குன்று நகரவில்லை. ஆட்கள் கூடைகளைத் தலையில் வைத்துக் குன்றைச் சுற்றிச் சுற்றி, ஏதோ பிரதட்சிணம் செய்வதுபோல நடந்து ஏற்றினார்கள். ஒரு லாரி நிறைய ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அடுத்த லாரி வேறு தோப்புக்குத் திரும்பிக்கொண்டது. மரத்தில் மாங்காய் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

குப்பண்ணனின் மண் அன்று மாலையே ஆறிவிட்டது.

டிப்பர் ஓட்டும் டின்டுவுக்குப் போன் போட்டு வரவழைத்தார். "டின்டு, ஒரு இருவது முப்பது லோடு அக்கட்ட எங்கியாச்சும் தட்டிட்டு வந்துரு. வழி கெடைச்சாப் போதும்."

டின்டு வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டான். "குப்பண்ணேட்டா, பாஸ் எவிடெ?"

"டேய், நம்முளுக்குள்ள என்னடா பாஸு?"

"போன மாசம் அந்தப் பாலத்தடியில என் வண்டியை நிறுத்தி, பாஸ் காட்டு, பாஸ் காட்டுன்னு ஆள் கூட்டினது ஆரு? ஏட்டன்தானே? அன்னைக்கு என் கையில பாஸ் உண்டு, அதனால தப்பிச்சேன். இன்னைக்கு இல்லாம நான் கேட்டைத் தாண்டினா, ஏட்டனே மொபட்டுல வந்து பிடிக்கும். எனக்குப் பேடியா, பயமா இருக்கு."

சிவப்பிரகாஷ் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "வாங்கி வெச்சிருப்பீங்கல்லங்கப்பா? ஊருக்கே சொல்றீங்களே."

இப்போது ஒரு ரகசியம். ஊருக்கெல்லாம் பாஸ் பற்றிப் பாடம் நடத்திய குப்பண்ணன், வாழ்நாளில் ஒரு தடவைகூட அதற்கு விண்ணப்பித்தது கிடையாது. விண்ணப்பத்தைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது. எதற்குப் பார்க்க வேண்டும்? அவர் மண் எப்போதாவது வெளியே போயிருந்தால்தானே?

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜிஷாவிடம் போய் உட்கார்ந்தார். ஜிஷா தட்டிக்கொண்டே கேட்டாள்: பெயர், முகவரி, சர்வே எண், எத்தனை ஆழம், எத்தனை லோடு. குப்பண்ணன் கணீர் கணீரென்று பதில் சொன்னார்.

"இனி, மண்ணு போற ஸ்தலம்?"

"எது?"

"எங்கே கொட்டப் போறீங்க ஏட்டா? அந்த ஸ்தலத்தோட சர்வே நம்பர், என்ன வகை நிலம், உடமஸ்தரோட சம்மதப் பத்திரம், ஒப்பு, அதான் கையெழுத்து. இது இல்லாம அபேட்சை, இந்த விண்ணப்பம், முன்னால போகாது."

மண்ணை எடுக்கிறவரை மட்டும் கேட்டால் போதாதாம். வாங்குகிறவரும் சம்மதிக்க வேண்டுமாம். குப்பண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. அவருடைய பங்கீட்டில் வாங்குகிறவர்கள் என்றைக்கும் கைகட்டி நிற்கிறவர்கள்தானே?

பரவாயில்லை, பட்டியல் கைவசம் இருக்கிறது. அங்கன்வாடிப் பள்ளம் என்றார். ஜிஷா திரையில் பார்த்தாள். அது பதிவேட்டில் வயல். டயர் கடை வாசல்? அதுவும் வயல். வாலிபால் மைதானம்? புறம்போக்கு. இத்தனை வருஷமாக அவர் தாராளமாக வாரி வழங்கிய இடம் ஒவ்வொன்றும், இத்தனை வருஷமாக அவர் கொட்டக்கூடாது என்று கத்திய இடமாகவே இருந்தது.

"வேற ஆரும் இல்லையா ஏட்டா? வீட்டு மனை வெச்சிருக்கறவங்க?"

குப்பண்ணன் மேசையில் கிடந்த காலிச் சம்மதப் பத்திரத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாச்சம்மாள் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். குப்பண்ணன் ரோட்டிலிருந்து அவள் வாசலுக்கு இறங்கினார். இறங்கும்போதுதான் எத்தனை இறக்கம் என்று முதன்முதலாக அவர் முழங்காலுக்குத் தெரிந்தது.

"நாச்சம்மா, ஒரு நல்ல சேதி. என்ற மண்ணை உனக்கே குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்படிங்களாண்ணா? ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சு, ஆறிருச்சு."

"அங்கன்வாடிக்கு?"

"அது ரெக்காட்டுல வயலாமா."

"டயரு கடைக்கு?"

"அதும் வயலு."

"வாலிபால் பசங்களுக்கு?"

"பொறம்போக்கு."

நாச்சம்மாள் தழையைக் கட்டி முடித்துவிட்டுக் கையைத் தட்டினாள். "அப்ப கடைசியா மிச்சமிருக்கறது நானாக்கும்."

குப்பண்ணன் பத்திரத்தை விரித்து நீட்டினார். பேனாவையும் நீட்டினார். அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை.

"போடறனுங்கண்ணா. எனக்கு மண்ணு வேணும், சித்திரை மழைக்குள்ள வேணும். ஆனா சும்மா தட்டிட்டுப் போவ உடமாட்டனுங்க. ஒவ்வொரு அடிக்கும் தண்ணி தெளிச்சு இடிக்கோணும். செவுத்தோரம் ஒசரமா, அக்கட்ட வரவரத் தாழ்வா இருக்கோணும். ரோட்டுத் தண்ணி போறதுக்கு ஒரு சாக்கடை வழி உடோணும். கல்லெல்லாம் பொறுக்கி ஓரமாப் போடோணும். அப்பறம், கடைசிச் சுத்து மேல் மண்ணு வரோணும். முருங்கை வெக்கலாம்னு இருக்கறன்."

குப்பண்ணன் அசந்துபோனார். "இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"ஆரு சொல்லுவா? மூணு வருஷமா எந்தக் குழிக்குப் போனாலும் நீங்கதானுங்களே சத்தம் போட்டுச் சொல்றீங்க. நானும் மண்ணு கெடைக்கும்னு குழிக்குக் குழி வந்து நின்னனுங்க. மண்ணு கெடைக்கல. இதுதான் கெடைச்சுது."

கடிக்க வந்த ஓர் ஆட்டிடமிருந்து குப்பண்ணன் பத்திரத்தைத் தள்ளிப் பிடித்தார்.

"மத்ததெல்லாம் பண்ணிக் குடுத்தர்றேன்" என்றார் குப்பண்ணன், மெதுவாக. "மேல் மண்ணு மட்டும்... கலந்துபோச்சு."

"எப்படிங்கண்ணா? உசுரு அதுலதான இருக்குது?"

"நான் அன்னைக்கு ஊட்டுல இல்ல."

"எங்க போயிருந்தீங்க?"

குப்பண்ணன் ஆடுகளை எண்ணத் தொடங்கினார்.

"பிஜு ஊட்டுக் குழிக்குங்களா?" என்றாள் நாச்சம்மாள். கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். "உடுங்க. மேல ஒரு வண்டி ஆட்டெரு நானே போட்டுக்கறன்."

பாஸ் வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இடத்தை வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், கொடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் மாங்காய் குன்றைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்தது. பிறகு இருபத்தெட்டு லோடு நாச்சம்மாள் வாசலுக்குப் போயிற்று. ஒவ்வொரு லோடு கேட்டைத் தாண்டும்போதும் டின்டு வண்டியை நிறுத்தி, பாஸைக் குப்பண்ணனுக்கு நேரே நீட்டி, "நோக்கிக்கோ ஏட்டா, பின்ன சொல்லக்கூடாது" என்றான். அவர் மொபட்டில் வண்டிக்குப் பின்னாலேயே போனால், அந்தப் பக்கம் நாச்சம்மாள் விளிம்பிலிருந்து சரியாக இரண்டடி தள்ளி, முந்தானையைச் செருகிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றாள். "இன்னும் ரெண்டு இடி இடிங்கண்ணா. நீங்கதானுங்களே சொல்லுவீங்க." குப்பண்ணன் இடிகட்டையைத் தூக்கி இடித்தார். ஊரார் குழியோரம் இருபது வருஷம் நின்றவர், முதல்முறையாக மண்ணுக்காக வேர்த்தார்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டியது. ரோட்டுத் தண்ணீர் பழைய பழக்கத்தில் நாச்சம்மாள் வீட்டைப் பார்த்து வேகமாக வந்தது. வாசல் மேலே இருப்பதைக் கண்டது. கொஞ்சம் தயங்கியது. பிறகு சாக்கடை வழியாகத் திரும்பிப் போய்விட்டது. அரிசி அண்டா அதன் இடத்திலேயே இருந்தது. நாச்சம்மாள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, மழை விடும்வரை, தன் வீட்டுக்குள் வராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குப்பண்ணன் எங்கே என்கிறீர்களா? குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில்தான் நின்றார். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நான் அன்னைக்கே சொன்னனுங்க, ஒவ்வொரு அடிக்கும் இடிக்கோணும்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? கிழக்கே எங்கோ பீப் பீப் என்று கேட்டது. குடை மடங்கியது. மொபட் கிளம்பியது.

சரி, அவர் போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். குழியோரம் போய் நிற்கிற ஆளா நீங்கள்? ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? எழுபது லோடில் இருபத்தெட்டு போயிற்று. லாரிக்கு வழி கிடைத்துவிட்டது, ஆகவே மீதி நாற்பத்திரண்டு லோடு இன்றைக்கும் குப்பண்ணன் கேட்டுக்குள் சும்மாதான் கிடக்கிறது. நல்ல செம்மண். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினால் நன்றாக இருக்கும் என்று, இதோ, இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் மனதில் ஓர் இடம் வந்துவிட்டதே?

அது யாருடைய இடம்? அவரைக் கேட்டீர்களா?